அறாவட்டி என்ற சொல் எங்கிருந்து வந்தது?

இலங்கையின் வடக்கே, பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், தருமபுரத்தில் இறங்கி உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் என் பெரியம்மாவின் வீடு இருக்கிறது. புதன்கிழமை காலையில் அந்த வீட்டு வேப்பமரத்தடியில் பதினைந்து பதினாறு பெண்கள் கூடுவார்கள். நுண்கடன் கம்பனிகளின் பாசையில் அதற்குப் பெயர் 'சென்ரர்'. காசு அறவிட வருகிற பொடியன் மோட்டார் சைக்கிளை மரத்தடியில் நிற்பாட்டிவிட்டு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பான். பெண்கள் பாயில் இருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடன் கொப்பி. அடையாள அட்டையோடு சேர்த்து ஒரே பொலித்தீன் பைக்குள் வைத்துச் சுற்றியிருப்பார்கள்.

ஒரு புதன்கிழமை நானும் அங்கே நின்றேன். கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டிருந்த ஒரு அக்காவிடம் அந்தக் கிழமைக் காசு இல்லை.

"தம்பி, பெய்த மழையில கச்சான் எல்லாம் அழுகிப் போட்டுது. வாற கிழமை ரெண்டையும் சேர்த்துத் தாறன்."

"நான் என்னக்கா செய்ய? எனக்கு மேல மனேஜர் இருக்கிறார். உங்கட குறூப் கட்டினாத்தான் மற்ற ஆக்களையும் எழும்ப விடலாம்."

குழுக்கடன் என்றால் அதுதான். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அல்லது கட்டும்வரை எல்லாரும் இருக்க வேண்டும். இருந்தார்கள். வெயில் ஏறியது. பெரியம்மா வாய்க்குள் முணுமுணுத்தா: "அறாவட்டியில போய் மாட்டுப்பட்டாச்சு." பக்கத்தில் இருந்த இளம் பெண் திருத்தினாள்: "இதைக் கந்துவட்டி எண்டு சொல்லுறது அன்ரி. தமிழ்நாட்டு நியூஸில சொல்லுறவை." இன்னொருத்தி விடவில்லை: "ரவுணில மீற்றர் வட்டி எண்டெல்லோ சொல்லுறாங்கள்."

மூன்றும் ஒரே பொருள்தானே என்று அன்று நான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விதமான பிடுங்கலைக் காட்டுகிறது. எந்தச் சொல் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்த்தால் கடனின் கணக்கே பிடிபடும்.

பெரியம்மாவின் சொல்லில் இருந்து தொடங்குவோம். எங்கள் பக்கத்து வயதானவர்கள் வாயில் இயல்பாக வருவது அறாவட்டிதான். சாமான் விலை அளவுக்கு மிஞ்சிப் போனால் 'அறாவிலை' என்பார்கள். அதே வார்ப்பில் வந்தது இது. 'அறு' என்ற வினைக்கு முடிதல், தீர்தல், துண்டாதல் என்று பொருள். அதன் எதிர்மறை 'அறா'. வாடாத பூ வாடாமல்லி ஆனதுபோல, அறாத வட்டி அறாவட்டி. எவ்வளவு கட்டினாலும் தீராத வட்டி.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. 'அற' என்ற சொல் 'முழுக்க', 'அளவுக்கு மீறி' என்ற பொருளில் தமிழில் புழங்குகிறது. 'அறப் படித்தவன் அங்காடிக்குப் போனால் விற்கவும் மாட்டான் கொள்ளவும் மாட்டான்' என்ற பழமொழியில் இருப்பது அந்த 'அற'தான். 'அற நனைந்தவனுக்குக் கூதல் என்ன' என்பதிலும் அதுவே. அப்படிப் பார்த்தால் அற + வட்டி, அளவுக்கு மிஞ்சிய வட்டி. இதை 'அறவட்டி' என்று குறுக்கி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு வேடிக்கை, விசயம் தெரியாத ஒருவர் படித்தால் 'அறத்தோடு வாங்கும் வட்டி' என்றல்லவா நினைப்பார்!

இரண்டில் எது மூலம்? அறாவிலை என்ற சொல்லை வைத்துப் பார்த்தால், 'தீராத விலை' என்பது கொஞ்சம் இடிக்கிறது. 'அளவு மீறிய விலை' சரியாகப் பொருந்துகிறது. ஆகவே பிறப்பில் அது 'அற'வாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் சனம் அதை 'அறா' என்று நீட்டியதும், வட்டியோடு சேர்ந்த இடத்தில் 'தீராத' என்ற பொருளையே அதற்குள் கேட்டதும் தற்செயல் அல்ல. கடன்பட்டவருக்கு வட்டி கூடவா குறையவா என்பதைவிட அது எப்போது முடியும் என்பதுதான் கேள்வி. பெரியம்மாவைக் கேட்டால் வீதம் எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. முடியாது என்று மட்டும் தெரியும்.

இதே 'அறு'வின் குடும்பத்தில் இன்னும் இரண்டு சொற்கள் எங்கள் ஊரில் அன்றாடம் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் 'வசூல்' என்கிற இடத்தில் நாங்கள் 'அறவிடுதல்' என்போம். வரி, தண்டம், கடன் எல்லாவற்றுக்கும் அரச கடிதங்களில் 'அறவீடு' என்றே இருக்கும். மற்றது 'அறுதி'. காணியை மீட்க வழியில்லாமல் முழுதாக விற்றால் 'அறுதியாய் வித்தாச்சு' என்பார்கள். அறாவட்டிக்கு வாங்கி, அறவீட்டுக்கு ஆள் வந்து, அறுதியாய் விற்கும் வரை போன குடும்பங்கள் வன்னியில் எல்லா ஊரிலும் உண்டு. மூன்று சொல்லுக்கும் ஒரே வேர்.

சரி, 'வட்டி'? சங்கப் பாட்டில் வட்டி என்றால் பனையோலைப் பெட்டி, கூடை. ஐங்குறுநூற்றில் பாண்மகள் ஒருத்தி கெடிற்று மீனைக் கொட்டிய பெரிய வட்டியில், வீட்டுக்காரி பயறு நிறைத்துக் கொடுக்கிறாள். கூடை நிறையக் கொடுத்ததால்தான் கடன் வட்டிக்கு அந்தப் பெயர் வந்தது என்று சிலர் அழகாகக் கதை கட்டுவார்கள். கதை நல்லதுதான், நம்ப வேண்டியதில்லை. சமஸ்கிருத 'விருத்தி', அதாவது வளர்ச்சி, பிராகிருதத்தின் வழியாகத் தேய்ந்து வட்டியானது என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உடன்பிறப்புகள் இருக்கின்றன.

அதற்கு முன்னால் தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்றால், இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்கு வழங்கும் சொல் 'பொலிசை'. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் காசைக் கடனாகப் பெற்ற ஊர்ச்சபைகள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை கொடுக்க வேண்டும் என்று வருகிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். ஆயிரம் வருசத்துக்கு முந்தைய வீதம் அது. வேப்பமரத்தடி வீதத்துக்குப் பிறகு வருவோம்.

பொலிசையில் இருக்கும் 'பொலி' எங்களுக்கு அந்நியமானதல்ல. களத்தில் சூடு மிதித்துத் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பெயர் பொலி. வெட்டு மெசின் வந்து வயலிலேயே நெல்லை மூடையில் கொட்டத் தொடங்கிய பிறகு பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாமல் போய்விட்டது. சிங்களத்தில் வட்டிக்கு இன்றும் 'பொலிய' என்றுதான் சொல்கிறார்கள். வங்கியில் சிங்களப் படிவத்தை வாசித்துக் கேட்டால் எங்கள் களத்து நெல்லின் பெயர் காதில் விழும்.

பொலிதல் என்றால் பெருகுதல். விருத்தி என்றாலும் பெருகுதல். ஆக, வட்டி என்ற எண்ணமே முதலில் தானியத்தில் பிறந்தது என்று நினைக்க இடமுண்டு. ஒரு மூடை வித்து நெல்லைக் கடனாகக் கொடுத்தால் அது மண்ணில் போய் உண்மையாகவே பெருகி வருகிறது. பெருகியதில் ஒரு பங்கைக் கேட்பது நியாயம்போலத் தெரியும். அம்மப்பா காலத்தில் காலபோக விதைப்புக்கு எடுத்த வித்து நெல்லை, வெட்டு முடிந்ததும் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார். ஐந்து மாதத்தில் 50 சதவீதம்! மலிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் களத்தோடு கணக்கு முடிந்துவிடும். விளையாத வருசத்தில் கொடுத்தவன் அடுத்த போகம் வரை பொறுப்பான், அவனும் அதே குளத்துத் தண்ணீரை நம்பி இருப்பவன்தானே. காசு அப்படியல்ல. அது மண்ணில் முளைப்பதில்லை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதும் இல்லை.

இனி அந்த இளம் பெண்ணின் சொல். கந்துவட்டி எங்கள் ஊர்ச் சொல் அல்ல. தமிழ்நாட்டுச் செய்திகளும் சினிமாவும் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. 2003 இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கிய பெயர்களை அப்படியே எடுத்துப் பட்டியல் போட்டது. சட்டம் எழுதுகிறவர்கள் சந்தைக்குப் போய்ச் சொல் பொறுக்கிய அபூர்வமான இடங்களில் ஒன்று அது.

கந்து என்றால் என்ன? பழந்தமிழில் தூண், தறி. யானையைக் கட்டுகிற மரம். பட்டினப்பாலையில் தெய்வம் உறையும் தூண் நிற்கும் பொதுவிடம் 'கந்துடைப் பொதியில்'. மணிமேகலைக்கு வரப்போவதைச் சொல்லும் 'கந்திற்பாவை' தூணில் இருக்கும் பாவை. வள்ளுவர் 'காதன்மை கந்தா அறிவறியார்த் தேறுதல்' (குறள் 507) என்று சொல்லும் இடத்தில் கந்து பற்றுக்கோடு ஆகிறது. இதை வைத்து, யானையைத் தறியில் கட்டுவதுபோலக் கடனாளியைக் கட்டிப்போடும் வட்டி கந்துவட்டி என்று விளக்கம் சொல்வார்கள். மேடைக்கு நல்ல உவமை. ஆனால் சொற்கள் அப்படி உவமையாக யோசித்துப் பிறப்பது குறைவு.

எனக்கு நம்பிக்கை தருவது கன்னடத்துப் பக்கம். அங்கே கடன் தவணைக்கு இன்றும் பெயர் கந்து, 'த'வைக் கொஞ்சம் வலித்துச் சொல்வார்கள். நிலவரிக்குக் 'கந்தாய'. தமிழிலும் கந்தாயம் உண்டு, ஆண்டை மூன்றாகப் பிரித்த நாலு மாதத் தவணை. பஞ்சாங்கத்தில் 'கந்தாய பலன்' என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதே கந்தாயம். ஆக, கந்துவட்டி என்றால் தவணை போட்டு வாங்கும் வட்டி. பொருளும் நடைமுறையும் இங்கே ஒட்டுகின்றன.

நடைமுறை இப்படி. பத்தாயிரம் கேட்டவருக்கு ஆயிரத்தை முதலே கழித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு ரூபாப்படி நூறு நாள் கட்ட வேண்டும். 'பத்துக்கு ஒன்றுதானே, பத்து வீதம்' என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் வாங்கிய மறுநாளே அசல் திரும்பிப் போகத் தொடங்குகிறது. ஒன்பதாயிரமும் நூறு நாள் உங்கள் கையில் இருக்கவே இல்லை. கையில் உண்மையாக இருந்த காசுக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 78 சதவீதம் வரும். ஆயிரத்துக்குப் பதில் ஆயிரத்து ஐந்நூறைக் கழித்தால் 120 ஐத் தொடும். கழித்தது வெறும் ஐந்நூறுதான் அதிகம்.

எங்கள் பக்கத்துச் சீட்டு பிடிக்கிறவர்களுக்கு இந்த முன்கழிவு புதிதில்லை. ஏலச்சீட்டில் அவசரத்துக்கு முதல் மாதமே கழிவு கூறி எடுக்கிறவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஒரு வித்தியாசம், சீட்டில் அந்தக் கழிவு மற்ற அங்கத்தவர்களுக்குப் பிரிந்து போகும்.

மீற்றர் வட்டிக்கு ஆராய்ச்சி தேவையில்லை. வாடகை ஓட்டோவில் மீற்றர் ஓடுவதுபோல வட்டி ஓடுகிறது. வண்டி நின்றாலும் மீற்றர் நிற்பதில்லை. நாள் கணக்கில், சில இடங்களில் மணிக் கணக்கில். காலையில் மீன் ஏலம் எடுக்க 9,500 வாங்கினால் பின்னேரம் 10,000 கொடுக்க வேண்டும் என்பது இதன் எளிய வடிவம். சின்ன வியாபாரிக்கு ஒரு நாளைக்கு அது தாங்கும், விற்று வருகிற இலாபத்தில் கழியும். மீன் விலைப்படாத ஒரு நாள் வந்தால்தான் மீற்றரின் வேலை தெரியும். கட்டத் தவறினால் வீட்டுக்கு ஆள் வரும், மோட்டார் சைக்கிள் போகும், சில வேளை அடியும் விழும். வடக்குச் செய்தித்தாள்களில் இந்தச் சொல் பொலிஸ் செய்திகளோடேயே வருவதற்குக் காரணம் இதுதான். வட்டியைவிட அறவிடும் முறையால் பெயர் எடுத்த வட்டி.

இவை பெயருள்ள வட்டிகள். பெயரே இல்லாத வட்டியும் உண்டு, அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். முல்லைத்தீவுக் கரையில் படகும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய தொழிலாளி மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். வட்டி என்று ஒரு சதமும் எழுதுவதில்லை. கிலோவுக்குக் குறைத்த விலையில் அது ஒளிந்திருக்கும். பசளையும் மருந்தும் கடனுக்குக் கொடுக்கும் கடைக்காரர் வெட்டுக்காலத்தில் நெல்லாக எடுக்கும்போதும் அப்படித்தான். வெட்டுத் தொடங்கி நெல் விலை விழுந்து கிடக்கும் கிழமையில் எடுப்பார். 'அவர் நல்ல மனுசன், வட்டியே கேக்கிறதில்லை' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வீதத்தைச் சொல்லும் விதத்திலும் மறைப்பு இருக்கிறது. ஊரில் 'நூற்றுக்கு மூன்று', 'நூற்றுக்குப் பத்து' என்பார்கள். மாதம் என்ற சொல் வாயில் வராது, எல்லாருக்கும் தெரிந்தது என்பதால். வங்கியோ ஆண்டுக் கணக்கில் பேசுகிறது. பத்திரிகையில் வங்கி 16 வீதம் என்று வாசித்துவிட்டு 'இங்க பத்துக்கு எடுக்கலாமே' என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். மாதம் நூற்றுக்குப் பத்து, ஆண்டுக்கு 120. கட்டாமல் விட்ட வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டால், ஒரு இலட்சம் எட்டாவது மாதமே இரண்டு மடங்கைத் தாண்டும். பன்னிரண்டாம் மாதம் 3 இலட்சத்து 13 ஆயிரத்துக்கு மேல் நிற்கும்.

வேப்பமரத்தடிக்கு வருவோம். அந்தக் கச்சான் அக்காவின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். கடன் 100,000 ரூபா. வட்டி ஆண்டுக்கு 24 வீதம் என்று எழுதியிருந்தது. மொத்தம் 124,000 ஐ 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 2,385. அரைவாசி வருசம் முடிந்து 62,000 கட்டிய பிறகும், அவவிடம் வட்டி எடுப்பது முழு ஒரு இலட்சத்துக்கு. கையில் இல்லாத காசுக்கும் வட்டி. குறைந்துவரும் மிச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 24 உண்மையில் 44 சதவீதம். இதில் ஆவணச் செலவு, காப்புறுதி என்று முதலே 3,000 ஐக் கழித்துத்தான் கொடுத்திருந்தார்கள். அதையும் சேர்த்தால் 50 ஐத் தாண்டுகிறது. முதலே கழித்துக்கொண்டு, தவணை போட்டு வாங்குவது. அந்த இளம் பெண் கந்துவட்டி என்று சொன்னது, சொல்லின் வேர்ப்படி பார்த்தால் மிகச் சரி. பெயர்ப்பலகையும் ரசீதும் உள்ள கந்து.

வன்னியில் இது இவ்வளவு வேர்விட்டதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2009 இல் போர் முடிந்த பிறகு முகாமில் இருந்து திரும்பியவர்கள் கூரை இல்லாத வீட்டுக்கும் மாடு இல்லாத பட்டிக்கும் திரும்பினார்கள். ஈடு வைக்கிற நகை இடப்பெயர்வில் கரைந்துவிட்டது. நகை இருந்தால் அடைவு வைத்துச் சமாளித்திருப்பார்கள். எங்கள் குடும்பங்களின் முதல் வங்கி எப்போதும் தாலிக்கொடிதான். ஏ9 வீதி திறந்ததும் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வந்து இறங்கின. ஆனால் வங்கி காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், கேட்டது. குடியேற்றத் திட்டங்களில் வந்த பெரும்பாலானோர் கையில் இருந்தது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரம், ஊர் வாயில் பேமிட். அரச அனுமதி இல்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கடன்காரனிடம் இருந்து காணியைக் காக்க எழுதிய சட்டம், வங்கிக் கதவையும் சேர்த்துச் சாத்தியது. உறுதியும் வேண்டாம், நகையும் வேண்டாம், அடையாள அட்டையும் பக்கத்து வீட்டு நாலு பெண்களும் போதும் என்று நுண்கடன் கம்பனி வந்தபோது யார் வேண்டாம் என்பார்கள்? போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தூக்கிய பெண்கள்தான் முதலில் கையெழுத்து வைத்தார்கள்.

பிறகு ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். செவ்வாய்க்கு ஒரு கம்பனி, புதனுக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று. வறட்சி வந்த வருசங்களில் அது உடைந்தது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கடன் பற்றிய சுயாதீன நிபுணர், நுண்கடன் வட்டி 220 சதவீதம் வரை போவதாக எழுதினார். மத்திய வங்கி தன் கண்காணிப்பில் உள்ள நிறுவனங்களின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. 2016 இலேயே நுண்நிதிச் சட்டம் வந்திருந்தது. கண்காணிப்புக்குள் வராதவர்களுக்கு இந்த வரம்பு எதுவும் இருக்கவில்லை என்பது வேறு கதை. இது வடக்கின் பிரச்சினை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று, 2021 மார்ச்சில் நுண்கடனுக்கு எதிராக நாள்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையின் சிங்களப் பெண்கள்.

உச்சவரம்பு என்றதும் வீதத்துக்கு வரம்பு போடுவதைத்தான் இன்று யோசிக்கிறோம். பழைய ஆட்கள் வேறு விதமாக யோசித்தார்கள். வீதம் என்னவாகவும் இருக்கட்டும், சேர்ந்த வட்டி அசலைத் தாண்டக் கூடாது. நூறு கொடுத்தவன் வட்டியாக அதிகம் போனால் இன்னொரு நூறு வாங்கலாம், அதோடு நிற்க வேண்டும். மனு நூலில் இந்த விதி இருக்கிறது. ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டத்திலும் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், 1852 ஆம் ஆண்டின் சிவில் சட்டக் கட்டளைச் சட்டத்திலும் வழக்கில் அறவிடும் வட்டி அசலுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதினார்கள். ஒன்றுக்கொன்று எட்டாத மரபுகள் ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கின்றன. 1918 இல் வந்த பணக் கடன் கட்டளைச் சட்டம், வட்டி மிகையாக இருந்தால் கணக்கைத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுத்தது. நீதிமன்றம் வரை போனால்தானே! அறாவட்டிக்காரர் எழுத்தில் எதையும் வைப்பதில்லை. வைத்தாலும் வெற்றுக் காசோலையில் கையெழுத்து.

யாழ்ப்பாணத்து வழமைகளை 1707 இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுத்த தேசவழமையில் ஒற்றி பற்றி இருக்கிறது. காணியை ஒற்றிக்குக் கொடுத்தால் வட்டி கிடையாது, காசு தந்தவர் அந்தக் காணியின் விளைச்சலை எடுப்பார். காசைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். விளைச்சல் ஏறலாம், இறங்கலாம், ஆனால் கடன் ஒரு ரூபாவும் வளராது. ஒற்றியில் வருசக்கணக்காகக் காணியை மீட்க முடியாமல் நின்ற குடும்பங்களும் உண்டு, அதைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் கடன் கொடுத்த அளவிலேயே நிற்கிறது. அந்த அளவுக்கு அது அறுகிற கடன்.

அன்று மத்தியானம் ஒரு மணி போலத்தான் அந்தக் குழு எழும்பியது. நாலு பெண்கள் ஐந்நூறு ஐந்நூறாகப் போட்டார்கள், மிச்சத்தைப் பெரியம்மா முட்டை விற்ற காசில் போட்டா. பொடியன் கொப்பியில் கையெழுத்து வைத்தான். பசியில் முகம் வாடியிருந்தது. பெரியம்மா அவனுக்கும் ஒரு கோப்பை பிளேன்ரீ கொடுத்தா.

பெரியம்மாவின் சொந்தக் கடன் இந்த ஆனியில் முடிந்தது. ஐம்பத்திரண்டாவது கட்டம் நிரம்பிய கொப்பியை எனக்குக் காட்ட எடுத்து வைத்திருந்தா. கடைசி வரியில் மிச்சம் பூச்சியம். அதற்குக் கீழே வேறு ஒரு பேனாவால், சின்ன எழுத்தில், '150,000' என்று எழுதியிருந்தது. இது என்ன என்று கேட்டேன்.

"அந்தப் பொடியன் எழுதினவன். ஒழுங்காக் கட்டினதால அடுத்த லோன் கூட்டித் தருவாங்களாம். திங்கட்கிழமை கையெழுத்து."